குல்ஹானேயில் லாலே பூக்கும் காலம்

இஸ்தான்பூலைப் பற்றி எம்மவர்கள் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தால் அவற்றில் பள்ளிவாசல்களும் படையெடுப்புகளும் நிறையவே இருக்கும். 1453இல் இரண்டாம் முஹம்மத் நகருக்குள் நுழைந்ததையும், கடைசிக் கலீபா 1924இல் வெளியேற்றப்பட்டதையும் எட்டாம் தரப் பிள்ளையும் சொல்லும். உஸ்மானியர் தோட்டக்காரர்களாகவும் இருந்தார்கள் என்பதோ, அவர்கள் அரண்மனைக்குப் பின்னால் இருந்த தோட்டமொன்று இன்று அந்நகர மக்களின் பெரும் பூங்காவாக இருக்கிறது என்பதோ எமது வரலாற்று நூல்களில் இடம்பிடிக்கவில்லை. அந்தப் பூங்காவின் பெயர் குல்ஹானே. குல் என்றால் றோஜா. ஹானே என்றால் இல்லம்.

தொப்காபி அரண்மனையின் வெளிப்புறத் தோட்டமாகவே இது தொடங்கியது. அரண்மனை நிற்கும் மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரியும் நிலம். சுற்றிவர உயர்ந்த மதில். மதிலுக்கு உட்பட்டது சுல்தானுக்கும் அவரது குடும்பத்துக்கும் ஊழியருக்கும். மதிலின் ஒரு மூலையில் ஆலாய் கொஷ்க் என்றொரு சிறு மாளிகை இருக்கிறது. அங்கிருந்துதான் சுல்தான் தெருவில் செல்லும் ஊர்வலங்களைப் பார்ப்பாராம். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவர்களைப் பார்க்கலாம், வெளியே இருப்பவர்களுக்குத் தோட்டம் தெரியாது. அந்த மாளிகை 2011 முதல் இலக்கிய அருங்காட்சியகமும் நூலகமுமாக இயங்கி வருகிறது. துருக்கிய நாவலாசிரியர் அஹ்மத் ஹம்தி தன்பினாரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தின் பெயர் உலக வரலாற்றில் பதிவானது 1839 நவம்பர் 3ஆம் திகதி. பதினாறு வயதில் அரியணையில் இருந்த சுல்தான் அப்துல் மஜீதின் பிரகடனத்தை வெளிநாட்டமைச்சர் முஸ்தபா றஷீத் பாஷா இங்கே கூடியிருந்தோர் முன் வாசித்தார். குடிமக்களின் உயிருக்கும் மானத்துக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு, ஒழுங்கான வரி, பகிரங்க விசாரணையின்றி எவருக்கும் மரண தண்டனை இல்லை, இவை முஸ்லிம்களுக்கும் ஏனையோருக்கும் பொதுவானவை என்பதே அதன் சாரம். தன்ஸீமாத் எனப்படும் சீர்திருத்தக் காலம் அங்கிருந்துதான் ஆரம்பம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் சமநீதி என்று வாசிக்கப்பட்ட தோட்டத்துக்குள் எல்லோரும் நுழைய இன்னும் எழுபத்து மூன்று வருடங்கள் செல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1856இல் சுல்தான் டொல்மாபாஹ்செ என்ற புதிய அரண்மனைக்குக் குடிபெயர்ந்தார். 1870களின் தொடக்கத்தில், ஐரோப்பாவுக்கான புகையிரதப் பாதை அரண்மனைத் தோட்டத்தின் கடலோர ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது. சுல்தான் அப்துல் அஸீஸ் அதற்கு அனுமதி கொடுத்தார். இரும்புப் பாதை போன பின் மதிலுக்கு என்ன மரியாதை? 1912இல் நகர பிதாவாக இருந்த ஜெமீல் தொபுஸ்லு தோட்டத்தைத் திருத்தியமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார். அவர் தொழிலால் சத்திரசிகிச்சை நிபுணர். நகரத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது ஒரு வைத்தியருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

2024ஆம் ஆண்டு றமழான் விடுமுறையில் உம்றாவுக்குச் சென்ற எங்கள் குழு, திரும்பும் வழியில் இஸ்தான்பூலில் மூன்று நாள் தங்கியது. பெருநாள் ஏப்ரல் 10. மறுநாள் குழுவினர் கடைத்தெருவுக்குப் போக, நான் ட்ராம் வண்டியில் ஏறி குல்ஹானேத் தரிப்பிடத்தில் இறங்கினேன். வாசலில் டிக்கட் இல்லை, காவலாளியின் கேள்வியும் இல்லை. எமது நாட்டில் பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் காசு கொடுத்துப் பழகிய எனக்கு அது முதல் மகிழ்ச்சி.

உள்ளே நேராகச் சரிந்து செல்லும் ஒரு நீண்ட பாதை. இரு மருங்கிலும் சினார் மரங்கள். பட்டை உரிந்து வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும் அந்த மரங்களை நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. குளிர்காலத்தில் முழுவதும் உதிர்ந்த கிளைகளில் அப்போதுதான் உள்ளங்கை போன்ற சிற்றிலைகள் விரியத் தொடங்கியிருந்தன. வசந்தம் என்ற சொல்லை எங்கள் கவிஞர்கள் எத்தனையோ தடவை எழுதிவிட்டார்கள். வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும் நாட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லின் கனம் அங்கேதான் விளங்கும். இலையில்லாத மரம் இலை விடுவதைக் காண மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். மர உச்சிகளில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருந்தன. கீச்சென்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தால் பச்சைக்கிளி! ஆரம்பொலிக்க, நீண்ட வாலோடு, எங்கள் வயல்களில் நெல் கொறிக்கும் அதே சாதி. கூட்டிலிருந்து தப்பியவை பெருகி அந்நகரப் பூங்காக்களில் குடியேறிவிட்டனவாம். எனக்கென்னவோ ஊராரைக் கண்ட மாதிரி இருந்தது.

பாதையோரப் பாத்திகளில் லாலே. டியூலிப் என்று நாம் அறிந்த பூ. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பென்றே சொல்லத்தக்க ஊதா என்று வளைந்து வளைந்து ஆறு போல ஓடுகின்றன. அந்த வருடம் சூடு முந்திவிட்டதால் சில பாத்திகளில் இதழ் உதிரத் தொடங்கியிருந்தது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து மாநகர சபை ஒவ்வோர் ஏப்ரலுக்கும் இலட்சக்கணக்கில் கிழங்கு நட்டு வருகிறது. பெருநாள் உடுப்போடு வந்த சிறுவர்கள் பூக்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்டுப் படம் எடுக்கப்பட்டார்கள். முக்காடிட்ட மூதாட்டிகள் புல்லில் துணி விரித்துப் பூசணி விதை கொறித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே முக்காடில்லாத இளம் பெண்கள் கிட்டார் வாசித்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்ததாக நான் காணவில்லை. முன்பின் அறியாத ஒரு பெரியவர் என் கையில் இனிப்பைத் திணித்து ஸலாம் சொன்னார். நோன்புப் பெருநாளை அவர்கள் சீனிப் பெருநாள் என்றும் அழைப்பதுண்டு.

பாதையின் முடிவில் மேடேறினால் தேநீர்த் தோட்டம். கீழே பொஸ்பரஸ் நீரிணை. ஆசியக் கரையும் ஐரோப்பியக் கரையும் ஒரே பார்வைக்குள். இரட்டைத் தட்டுக் கேத்தலில் வந்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கப்பல்களை எண்ணினேன். தேயிலை அவர்களது சொந்தக் கருங்கடல் கரையில் விளைந்தது. எங்களுடையதோடு ஒப்பிட்டு இங்கே எழுதினால் பக்கச்சார்பு என்பார்கள், விட்டுவிடுகிறேன்.

லாலேயின் கதை அந்தப் பாத்திகளை விட நீளமானது. மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் காட்டுப் பூவாக இருந்தது துருக்கியரோடு மேற்கே வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஒல்லாந்தர் அதன் மேல் பைத்தியம் பிடித்து ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை பேசும் அளவுக்குச் சென்றார்கள். 1637 பெப்ரவரியில் அந்தச் சந்தை சரிந்தது. அடுத்த வருடம், 1638இல், அதே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். இரண்டு செய்திகளையும் நாம் ஒன்றாகப் படிப்பதில்லை.

உஸ்மானியர் விரும்பிய லாலே இன்றைய பாத்திகளில் நிற்கும் வட்டக் கிண்ண வடிவமன்று. மெலிந்து நீண்டு, இதழ் நுனி ஊசியாகக் கூர்ந்தது. பழைய ஓவியங்களிலும் பள்ளிவாசல் ஓடுகளிலும் அதைக் காணலாம். மண்ணில் காண்பது அரிது. சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையான பன்னிரண்டு வருடங்களுக்கு வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் லாலே யுகம் என்றே பெயரிட்டார்கள். பிரதம மந்திரி இப்றாஹீம் பாஷா நடத்திய வசந்த கால இரவு விருந்துகளில் ஆமைகளின் முதுகில் மெழுகுதிரி ஏற்றிப் பூக்களிடையே ஊரவிட்டார்களாம். கிழங்கு விலை எல்லை மீறவே அரசாங்கமே விலைப்பட்டியல் போட வேண்டி வந்தது. 1730 செப்டெம்பரில் பத்ரோனா ஹலீல் என்பவரின் தலைமையில் நகரம் கொதித்தெழுந்தது. பாஷா கொல்லப்பட்டார். சுல்தான் முடி துறந்தார். மதிலுக்கு உள்ளே மட்டும் பூத்த வசந்தம் அப்படி முடிந்தது.

ஆனால் லாலேயை நேசித்ததற்கு ஆடம்பரம் மாத்திரம் காரணமல்ல. அறபெழுத்தில் லாலே என்று எழுத லாம், அலிப், லாம், ஹே வேண்டும். அல்லாஹ் என்ற திருநாமத்தின் எழுத்துக்களும் அவையே. பிறை எனப் பொருள்படும் ஹிலால் என்பதும் அதே எழுத்துக்களால் ஆனது. அப்ஜத் கணக்கில் மூன்றுக்கும் தொகை 66. கடிதத் தலைப்பில் 786 போட்டுப் பழகிய எமது மூத்த தலைமுறைக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. ஒரு பூவை வரைந்தால் ஒரு திக்ர் செய்த மாதிரி. பள்ளிவாசல் சுவரெங்கும் அது பூத்திருப்பதன் இரகசியம் இதுதான்.

இந்த இரகசியம் எழுத்தில் இருக்கிறது, ஓசையில் இல்லை. இலத்தீன் எழுத்தில் லாலே, அல்லாஹ், ஹிலால் மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று உறவில்லை. அந்த உறவு அறுந்ததும் இதே பூங்காவில்தான்.

1928 ஓகஸ்ட் 9ஆம் திகதி இரவு. குல்ஹானேயின் கடலோர முனையான ஸராய்புர்னுவில் மக்கள் கட்சியின் இசை விழா. எகிப்தியப் பாடகி முனீரா அல் மஹ்திய்யா பாடினார். முஸ்தபா கமால் வந்திருந்தார். இடையில் தாள்களில் ஏதோ எழுதினார். கூட்டத்திலிருந்த ஓர் இளைஞனை அழைத்து வாசிக்கச் சொன்னார். எழுதியிருந்தது துருக்கிய மொழிதான், ஆனால் எழுத்து புதியது. இளைஞன் திணற, எழுத்தாளர் பாலிஹ் றிப்கி அதை வாங்கி வாசித்தார். துருக்கியர் இனி இந்தப் புதிய எழுத்துக்களைத்தான் கற்க வேண்டும் என்ற அறிவிப்பு அது. நவம்பர் 1ஆம் திகதி சட்டமானது. டிசம்பர் 1 முதல் பத்திரிகைகளும், 1929 ஜனவரி 1 முதல் நூல்களும் புதிய எழுத்துக்கு மாறின. ஐந்து மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது.

ஓர் ஆசிரியனாக இதற்கு எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். துருக்கிய மொழியில் எட்டு உயிரொலிகள். அவற்றைக் காட்ட அறபெழுத்துப் போதவில்லை. காப், லாம் என்ற இரண்டெழுத்தை றோஜா என்றும், சாம்பல் என்றும், வா என்றும், வழுக்கை என்றும் இடத்துக்கேற்ப வாசிக்கலாம். குல்ஹானே என்ற பூங்காவின் பெயரையே றோஜா இல்லம் என்றோ சாம்பல் இல்லம் என்றோ படிக்க இடமுண்டு! 1927 குடிசன மதிப்பில் எழுத வாசிக்கத் தெரிந்தோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. புதிய எழுத்தைக் கற்பிக்க 1929 ஜனவரியில் மக்கள் பாடசாலைகள் திறக்கப்பட்டன. பதினாறு முதல் நாற்பத்தைந்து வயதுவரை ஆண்களும் பெண்களும் வகுப்புக்கு வந்தார்கள். கரும்பலகையோடு ஊர் ஊராகச் சென்ற முஸ்தபா கமாலுக்குத் தலைமையாசிரியர் என்று பட்டம் கிடைத்தது 1928 நவம்பர் 24இல். அந்தத் திகதிதான் துருக்கியில் ஆசிரியர் தினம். இலட்சக்கணக்கானோர் கண் திறந்தது உண்மை.

மறுபக்கமும் உண்மை. அதுவரை படித்தவராக இருந்தவர் ஒரே சட்டத்தால் பாமரரானார். அறுநூறு வருடக் கவிதை, காணி உறுதி, கடிதம், கபுறுக் கல் எல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு ஊமையாகின. எழுத்தை மாற்றுவது வேறு, பழையதைக் கற்பிக்காமலே விடுவது வேறு. புதியதை முதல் பாடமாகவும் பழையதை இரண்டாம் பாடமாகவும் வைத்திருக்க முடியாதா? முடியும் என்பதே என் அபிப்பிராயம். வகுப்பறையில் இரண்டு எழுத்துக்களைச் சுமந்த சமூகம் எமது சமூகம்.

எமது மூத்தோர் துருக்கித் தொப்பிக்காகப் போராடியவர்கள். 1905இல் தொப்பியைக் கழற்ற மறுத்த சட்டத்தரணி அப்துல் காதருக்கு உயர் நீதிமன்றத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, அவ்வருடக் கடைசியில் மருதானைப் பள்ளிவாசலில் கூடிய கூட்டத்தை எமது வரலாறு மறக்கவில்லை. அதே தொப்பியைத் துருக்கி 1925இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தொப்பி தலையோடு போய்விடும். எழுத்து அப்படியல்ல.

எனது உம்மும்மா பாடசாலைக்குப் போகாதவர். ஆனால் அறபுத் தமிழில் மாலைகளையும் மஸ்அலாக் கிதாபுகளையும் சரளமாக வாசிப்பார். அறபெழுத்துக்களோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தமிழோசையைப் பிடித்த அந்த எழுத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பல தலைமுறைகளாகப் படித்தார்கள். அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசனிலும் அறபுத் தமிழுக்கு இடமிருந்தது. அதை யாரும் தடை செய்யவில்லை. சட்டம் வரவில்லை, கரும்பலகையோடு தலைவரும் வரவில்லை. பாடசாலையும் அச்சுத் தமிழும் பரவப் பரவ அது தானாகவே ஒதுங்கியது. இன்று எங்கள் ஊரில் அதைச் சரளமாக வாசிப்போரை ஒரு கை விரலில் எண்ணலாம். எனக்கு அதைக் கற்றுத் தந்தவர் உம்மும்மாதான். அந்தக் கல்வி எனக்கு இஸ்தான்பூலில் பயன்பட்டது.

பூங்காவிலிருந்து வெளியேறி மதிலோரமாக மேட்டுத் தெருவில் ஏறினால் அரண்மனையின் பெருவாயிலுக்கு முன்னால் மூன்றாம் அஹ்மதின் நீர்த்தடாக மண்டபம். 1728இல், லாலே யுகத்தின் நடுவில் கட்டியது. சுவரெங்கும் கவிதை பொறித்திருக்கிறது. சுல்தானே எழுதிய அடியொன்றின் எழுத்துக்களைக் கூட்டினால் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வர வேண்டும். முதலில் கூட்டியபோது 1137தான் வந்ததாம், நான்கு குறைந்தது. புலவர் ஸெய்யித் வெஹ்பி முன்னால் "அச்" என்ற ஈரெழுத்துச் சொல்லைச் சேர்த்தார். அலிபுக்கு ஒன்று, சீமுக்கு மூன்று. கணக்கு 1141 ஆனது. அச் என்றால் திற என்று பொருள்.

நான் சுவரருகே நின்று எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி பிள்ளையோடு நின்ற இளைஞர் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில், "உங்களுக்கு இதை வாசிக்கத் தெரியுமா?" என்றார். தான் அங்காராவில் கணித ஆசிரியர் என்றார். நானும் ஆசிரியர்தான் என்றதும் "ஹோஜாம்" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் வாசித்தேன். எனக்குத் துருக்கி மொழி தெரியாது. அஹ்மத், துஆ போன்ற அறபுச் சொற்கள் வந்த இடங்களில் மட்டும் பொருள் விளங்கியது. மற்றவை வெறும் ஓசை. ஆனால் அந்த ஓசையைக் கேட்டு அவர் பொருள் சொன்னார். சில இடங்களில் என் உச்சரிப்பைத் திருத்தி, "அப்படியானால் இது தண்ணீர்", "இது குடி" என்று குதூகலித்தார். எழுத்து மட்டும் தெரிந்த ஒரு தமிழனும், மொழி மட்டும் தெரிந்த ஒரு துருக்கியரும் சேர்ந்து அரை மணி நேரத்தில் ஓர் அடியை ஒப்பேற்றினோம். அவருடைய மகள் அலுத்துப்போய்ப் பூங்காவுக்குத் திரும்பலாம் என்று அடம்பிடித்தாள். எல்லோருமாகத் திரும்பினோம்.

பூங்காவில் இன்னொன்றைப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். அரண்மனைக் குதிரை லாயங்களாக இருந்த கட்டிடங்களில் 2008இல் இஸ்லாமிய விஞ்ஞான தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் பேராசிரியர் புஆத் ஸெஸ்கின். 1960 இராணுவப் புரட்சிக்குப் பின் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட 147 பேரில் ஒருவர். கையில் பெட்டியோடு ஜேர்மனிக்குப் போனார். பிராங்பர்ட்டில் இருந்துகொண்டு உலக நூலகங்களில் சிதறிக் கிடந்த அறபுக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிப் படித்தார். அறபு எழுத்திலக்கிய வரலாறு பற்றிய அவரது ஜேர்மன் மொழிப் பெருநூலின் முதற் தொகுதி 1967இல் வந்தது. வாழ்நாளில் பதினேழு தொகுதிகள். துருக்கியின் இன்னொரு மைந்தரான கவிஞர் நாஸிம் ஹிக்மத்தும் 1951இல் நாட்டை விட்டுப் போனவர். 1957இல் குல்ஹானேயின் வால்நட் மரத்தை வைத்து ஒரு கவிதை எழுதினார். பூங்காவைத் திரும்பக் காணாமலே 1963இல் மொஸ்கோவில் இறந்தார். ஸெஸ்கினுக்குத் திரும்பும் பாக்கியம் கிடைத்தது. 2018 ஜூன் 30இல் 93ஆவது வயதில் மரணித்த அவரை இந்தப் பூங்காவுக்குள்ளேயே, அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அடக்கினார்கள்.

வாயிலில் ஒரு பெரிய உலக உருண்டை வைத்திருக்கிறார்கள். கலீபா மஃமூனின் காலத்து உலகப் படத்தின்படி செய்தது. பெருநாள் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பக்கத்துச் சிறு தோட்டத்தில் இப்னு ஸீனா தன் மருத்துவ நூலில் சொன்ன செடிகளை நட்டுப் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். கணித ஆசிரியர் பலகைகளை ஒவ்வொன்றாக மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு போனார். அவை இலத்தீன் எழுத்தில் இருந்தன. கபுறடியில் நாங்கள் இருவரும் பாத்திஹா ஓதினோம். மகள் ஒரு கடதாசியை நீட்டினாள். அதில் லாலே என்று அறபெழுத்தில் எழுதித் தரும்படி அவள் வாப்பா கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.